நாற்பத்தேழாம் எண் புளியமரம்

ஜூன் 2, திங்கள்

தினமும் நாற்பத்தைந்து நிமிடம் நடக்க வேண்டுமாம். சமதளத்தில், கையை வீசி, யாருடனும் பேசாமல். பிப்ரவரியில் என் இதயத்துக்குள் ஸ்டென்ட் வைத்த டாக்டரே சொல்வதால் எதிர்த்துப் பேச வழியில்லை. முப்பத்துநான்கு வருடம் சர்வேயராக இருந்து இந்தத் தாலுகாவையே காலால் அளந்தவனுக்கு நடை சொல்லித் தருகிறார். மாடிப்படிகூட நின்று நின்றுதான் ஏற வேண்டும் என்றார். என் மனைவி மயிலாத்தா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவள் என்னைக் கண்ணாடி டம்ளர் மாதிரிதான் வைத்திருக்கிறாள். நான் இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறாள். பாத்ரூமில் தாழ்ப்பாள் போடக் கூடாது. குடத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்கிறாள். அறுபத்திரண்டு வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா?

விதைக்கடைக்காரர் கொடுத்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடக்கிறது. நடையை இதில் எழுதி வைக்கலாம் என்று எடுத்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

பழைய மெயின்ரோடு. புதுச் சாலை வந்த பிறகு இதில் பஸ்ஸோ லாரியோ வருவதில்லை. வாய்க்காலை ஒட்டி நிழலாகப் போகிறது. அதனால் ஊரில் உள்ள சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எல்லாம் காலையில் இங்கேதான். அவர்களுக்கு ஒரு சங்கமும் உண்டு. தலைவர், ரிட்டயர்டு தலைமையாசிரியர் அர்த்தநாரி. என்னைக் கண்டதும் துணைச் செயலாளர் ஆக்கிவிட்டார். அந்தப் பதவியை யாரும் ஏற்காமல் இருந்தார்களாம்.

சங்கத்தார் பிள்ளையார் கோவிலுக்கும் மதகுக்கும் இடையில் ஆறு தடவை போய்வருவார்கள். மதகைத் தாண்டுவதில்லை. நான் தாண்டினேன். வளைவில் 47 நிற்கிறது. சாலையோரப் புளியமரங்களுக்கு நெடுஞ்சாலைக்காரர்கள் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். யாருக்கும் எந்த எண்ணும் ஞாபகம் இருக்காது. எனக்கு இந்த ஒன்று இருக்கிறது. சர்வீசில் எல்லைக்கொடி கண்ணுக்குத் தெரியாதபோதெல்லாம் இதில்தான் ஏறிப் பார்ப்பேன். கொடி தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் மேலேயே இருப்பேன். கீழே அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன்கள் பீடி பற்றவைத்துக்கொள்வார்கள். இரு தரப்புக்கும் திருப்தி.

முன்னும் பின்னும் பார்த்தேன். ஆளில்லை. கிளை பிரியும் முதல் கவை தரையிலிருந்து ஒரு மீட்டர் அறுபது சென்டிமீட்டர். வேட்டியை மடித்துக் கட்டினேன்.

மூன்றாவது கவையில் போய் உட்கார்ந்தபோது நெஞ்சு தடதடவென்று அடித்தது. இந்த நான்கு மாதத்தில் அது இப்படி அடித்தால் பயந்து படுத்துக்கொள்வேன். இன்று பயம் வரவில்லை. நான் ஏறினேன், அது அடிக்கிறது, அவ்வளவுதான். வாய்க்கால் தெரிந்தது. நெல் வயல், கொக்கு, தூரத்தில் மலை எல்லாம் தெரிந்தது. யாரும் வந்து 'இப்ப எப்படி இருக்குது' என்று கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

நல்லா நடந்தீங்களா என்று மயிலாத்தா கேட்டாள். அருமையான நடை என்றேன்.

ஜூன் 4, புதன்

மயிலாத்தாவின் அண்ணன் சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் மகள் கோகிலாவை ஒரு முருங்கை மரத்தைக்கூடத் தொடவிடாமல் வளர்த்தவள் இவள். விஷயம் தெரிந்தால் மரம் போய்விடும். வாசற்படி தாண்டுவதே போய்விடும். ஆகவே ரகசியம்.

அவள் டைரி படிக்கிறவள் இல்லை. இருந்தாலும் ஜாக்கிரதையாக இருக்கலாம். இனி மரம் என்று எழுத மாட்டேன், 47 என்றே எழுதுவேன். 'ஏறினேன்' என்பதற்குப் பதில் 'சந்தித்தேன்'.

இன்று 47-ஐச் சந்தித்தேன். நான்காவது கவை வரை சந்தித்தேன்.

ஜூன் 7, சனி

செவ்வெறும்பு. வேட்டியும் கிழிந்தது. நாய் துரத்திவிட்டது என்று சொன்னேன். மயிலாத்தா எறும்புக்கடிக்குச் சுண்ணாம்பு தடவினாள். நாய் துரத்தினால் எறும்பு ஏன் கடிக்கும் என்று கேட்கவில்லை. வெகுளி.

ஜூன் 8, ஞாயிறு

என் பழைய காக்கி பேண்ட் துவைத்துக் கட்டில்மேல் வைக்கப்பட்டிருந்தது. இரண்டு முட்டியிலும் ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கிறாள். வேட்டி வேண்டாம், நாய் கடித்தாலும் இது தாங்கும் என்றாள். நாயைப் பற்றி அவளுக்கு இவ்வளவு கவலை என்று தெரிந்திருந்தால் வேறு பொய் சொல்லியிருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

நல்ல சகுனம். மரத்தடியில், சரியாக நான் கால் வைக்கும் இடத்தில், ஒரு ஹாலோ பிளாக் கல் கிடக்கிறது. வாய்க்கால் வேலைக்காரர்கள் விட்டுப் போயிருப்பார்கள். அதன்மேல் நின்றால் முதல் கவை ஒரு மீட்டர் நாற்பதுதான். எங்கள் வீட்டில் பாத்ரூம் கட்டி மிஞ்சிய கற்களும் இதே அச்சுதான். ஹாலோ பிளாக் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும்.

(மரம் என்று எழுதிவிட்டேன். 47 என்று படித்துக்கொள்ளவும்.)

ஜூன் 12, வியாழன்

மயிலாத்தா கடலை உருண்டையைத் துணிப்பையில் போட்டு, தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ள நீளமான வார் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். "ரெண்டு கையும் சும்மா இருக்கோணுமுங்க" என்றாள். கை வீசி நடக்கச் சொன்னார் அல்லவா டாக்டர், அதை ஞாபகம் வைத்திருக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

கோகிலா பெங்களூரிலிருந்து வந்து என் இடது மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டிவிட்டுப் போனாள். எத்தனை ஸ்டெப் நடக்கிறேன் என்று எண்ணுமாம். எண்ணி அவள் போனுக்கே அனுப்பிவிடுமாம். தினமும் ஆறாயிரம் வேண்டும் என்று உத்தரவு. பெற்ற மகளே எனக்கு ஒற்றனை வைத்துவிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

2,140. வீட்டிலிருந்து 47-க்குப் போய்வர அவ்வளவுதான் வரும். சாயங்காலம் போனில் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டாக்டரிடமே பேசப்போகிறாளாம்.

ஜூன் 17, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். மேலே உட்கார்ந்து கையிலிருந்த எறும்பை உதறினேன். பட்டையில் இருபது ஸ்டெப் கூடியிருந்தது. அதற்குக் காலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கை ஆடினால் ஆள் நடப்பதாக நினைத்துக்கொள்கிறது. வலது கையால் கிளையைக் கட்டிக்கொண்டு இடது கையை நாற்பது நிமிடம் முன்னும் பின்னும் ஆட்டினேன். மொத்தம் 6,120.

ஜூன் 22, ஞாயிறு

கோகிலாவுக்கு ஒரே பெருமை. ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். நான் தினமும் இரண்டு மாடி ஏறியிருப்பதாகவும் பட்டை காட்டுகிறதாம். அந்த ரோடு சமமாகத்தானே இருக்கும் என்றாள். வாய்க்கால் பாலம் ஏறி இறங்குகிறேன் என்றேன்.

"தெனமுமாப்பா?"

"பாலம் தெனமும் இருக்குதில்ல கண்ணு."

பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மயிலாத்தா திடீரென்று சிரித்தாள். பீன்ஸில் புழு இருந்ததாம்.

ஜூன் 30, திங்கள்

இடது தோள் வலி. மயிலாத்தா தைலம் தேய்த்தாள். அவளாகவே இடது பக்கம்தான் தேய்த்தாள், நான் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம். அர்த்தநாரி என்னை மதகருகில் நிறுத்தி, அந்தப் பக்கம் போகாதீங்க என்றார். வளைவில் இருக்கும் புளியமரத்தில் முனி இருக்கிறதாம். சங்கத்தில் மூன்று பேர் மதகிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். வெள்ளை மேல், நரைத்த தலை, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லையாம். என் பனியன் வெள்ளை, பேண்ட்டோ புளியமரப் பட்டையின் நிறம். நான் என்ன சொல்ல முடியும்?

"கிட்ட வா, கிட்ட வான்னு ஒத்தக் கையில கூப்பிடுதுங்க சர்வேயரே. முக்கா மணி நேரம். விடாம" என்றார்.

முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பார்க்கவே சகிக்கவில்லை என்றார். அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். எனக்கும் அந்தப் பக்கம் போனால் ஒரு மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

முனியின் புண்ணியத்தில் மதகுக்கு அப்பால் ஈ காக்கை இல்லை. 47 முழுக்க எனக்கே.

மேற்குக் கிளை மட்டும் சரியில்லை. கை பருமனுக்கு உலர்ந்துபோயிருக்கிறது, மிதித்தால் முனகுகிறது. மறந்து கால் வைத்துவிடக் கூடாது என்று அடையாளத்துக்கு ஒரு துணி கட்ட நினைத்தேன். சைக்கிள் துடைக்க என்று சொல்லி மயிலாத்தாவிடம் பழந்துணி கேட்டேன். வெள்ளையை எடுத்தேன். அவள் அதை வாங்கி வைத்துவிட்டுச் சிவப்பு ஜாக்கெட் துணி கொடுத்தாள். சிவப்புதான் நன்றாகத் தெரியுமாம். சைக்கிளுக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடிக் காற்று. கையை ஆட்டினால் நானே ஆடுகிறேன். தோளும் வலிக்கிறது. பட்டையைக் கழற்றி ஒரு மெல்லிய விளாரில் கட்டிவிட்டேன். காற்று எனக்காக நடந்தது. நான் கால் நீட்டிக் கடலை உருண்டை தின்றேன். இந்த யோசனை ஒரு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

கெட்ட நாள். இரண்டு விதத்தில்.

காலையில் கோகிலா அழாத குறையாகப் பேசினாள். வெள்ளிக்கிழமை நான் 23,412 ஸ்டெப் நடந்திருக்கிறேனாம். அதில் நாற்பது நிமிடம் இதயத் துடிப்பே இல்லையாம். "ஹார்ட் பீட் இல்லாம ஒருத்தரு எப்படிப்பா இருவதாயிரம் ஸ்டெப் நடப்பாரு?" என்றாள். அர்த்தநாரியிடம் கேட்டால் பதில் சொல்லியிருப்பார். பட்டை கொஞ்சம் லூசாகிவிட்டது என்று சமாளித்தேன்.

பிறகு டீக்கடையில் சங்கக் கூட்டம். மரத்தில் சிவப்புத் துணி தோன்றியிருக்கிறது, முனி காவு கேட்கிறது என்று ஒரே பேச்சு. இதுவரை கூப்பிட்டது, இனி இறங்கிவரும் என்றார் அர்த்தநாரி. முடிவு: மரத்தை வெட்டச் சொல்லி மனு. முனி என்று எழுதினால் நெடுஞ்சாலைத் துறையில் சிரிப்பார்கள், ஆகவே கிளைகள் எல்லாம் உலர்ந்து பொதுமக்களுக்கு ஆபத்து என்று எழுதுவது. யார் எழுதுவது? பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுத்தால் சந்தேகம் வரும். சரி, படிக்கிறவர் தூக்கி எறிகிற மாதிரி மோசமாக எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஜூலை 21, திங்கள்

மனு மிக நன்றாக அமைந்துவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

வேண்டுமென்றே செய்யவில்லை. 'பொருள்' என்று எழுதினேன், அடுத்து 'பார்வை' தானாக வந்தது. பிறகு மரத்தின் சுற்றளவு, சாலையின் நடுக்கோட்டிலிருந்து தூரம், வரைபடம் ஒன்று. முப்பத்துநான்கு வருடப் பழக்கம், கை கேட்கவில்லை. அர்த்தநாரி மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

ஆறு மாதம் தூங்கும் என்று நம்பியிருந்தேன். ஒரே வாரத்தில் பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பொறியாளர் நேரில் பார்வையிடுகிறார்.

ஜூலை 30, புதன்

அர்த்தநாரி வீட்டுக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிடுவது என்று. கையில் புதுத் தாயத்து கட்டியிருந்தார். அவர் வீட்டம்மா காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

வாயைத் திறந்தால் மரம் பிழைக்கும், நான் இனி அதில் ஏற முடியாது. திறக்காவிட்டால் மரமே இருக்காது. முதலாவதுதான் நியாயம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் பதினைந்து பேர் முன்னால், ஸ்டென்ட் வைத்த கிழவன், மரத்தின்மேல் உட்கார்ந்து கையை ஆட்டியது நான்தான் என்று எப்படிச் சொல்வது? மயிலாத்தா காதுக்குப் போகும். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நாளைக்கு அவளும் வருகிறாளாம். சங்கத்தில் பெண்கள் வரக் கூடாதா என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. உதவிப் பொறியாளர், கோகிலா வயதுப் பெண். கையில் என் மனு. இவ்வளவு தெளிவான மனுவைத் தான் பார்த்ததே இல்லை, எழுதியது யார் என்று கேட்டாள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

மரத்தைச் சுற்றி வந்தாள். மரம் பச்சைப் பசேலென்று நின்றது. எல்லாக் கிளையும் உலர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறதே, எது என்றாள். மேலே இருக்கிறது, கீழேயிருந்து தெரியாது என்றார் அர்த்தநாரி. அரசாங்க ஜீப் முன்னால் முனி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆள் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்றால் வேறு உத்தரவு வேண்டும், சங்கமே உறுதியாகச் சொன்னால் இப்போதே எழுதிவிடுகிறேன் என்றாள் அந்தப் பெண்.

"மேல ஏறிப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்போதும் எனக்கு வாய் திறக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"இவரு ஏறிப் பாத்திருக்காருங்க" என்றாள் மயிலாத்தா. "ரெண்டு மாசமாத் தெனமும் ஏறிப் பாக்கறாரு. ஏனுங்க, சொல்லுங்க. உங்களுக்குத்தானே தெரியும்."

என் காதில் வாய்க்கால் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் ஓர் அரசு அலுவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு விவரம் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. முதல் கவை ஒரு மீட்டர் அறுபது என்று ஆரம்பித்தேன். கிழக்குக் கிளை திடம், தெற்குக் கிளை திடம், இரண்டாவது கவையில் பொந்து, அதில் மைனா. நான்காவது கவை வரை பூச்சி அரிப்பு இல்லை. மேற்குக் கிளை ஒன்று மட்டும் உலர்ந்தது, நீளம் இரண்டரை மீட்டர். அபாயக் குறியாகச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

அர்த்தநாரி மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்தக் கை?"

மணிக்கட்டைத் தூக்கிப் பட்டையைக் காட்டினேன். "ஸ்டெப்ஸுங்க."

"எங்களக் கூப்பிடலீங்களா?"

"இல்லீங்க."

"கால் இல்லாம இருந்துச்சே?"

காக்கி பேண்ட் என்றேன். அவர் தாயத்தை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொறியாளரம்மா வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு திரும்பி, மரம் நல்ல நிலையில் உள்ளது, மேற்குக் கிளையை மட்டும் அகற்றலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மனுவும் நன்றாக இருந்தது, வாக்குமூலமும் நன்றாக இருந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் மயிலாத்தாவும் நடந்து வந்தோம். மதகைத் தாண்டியதும், எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டாம் நாளே பின்னாடி வந்தனுங்க. எங்காச்சும் மயங்கி விழுந்துருவீங்களோன்னு. பாத்தா மேல உக்காந்திருக்கறீங்க."

அதன்பிறகு தினமும் வந்திருக்கிறாள். எதிர்த் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று, நான் இறங்கும்வரை பார்த்துவிட்டு, குறுக்கு வழியில் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, நல்லா நடந்தீங்களா என்று கேட்டிருக்கிறாள். ஏன் தடுக்கவில்லை என்றேன்.

"ஆஸ்பத்திரில இருந்து வந்து நாலு மாசம் செவுத்தையே பாத்துட்டுக் கெடந்தீங்க. அந்த மூஞ்சிய நான்தானுங்க தெனமும் பாத்தேன். மரத்து மேல இருக்கறப்ப அந்த மூஞ்சி இல்லீங்க" என்றாள். கொஞ்ச தூரம் போய், "கீழ நின்ன எனக்குத்தான் நெஞ்சு வலிச்சுது" என்றாள்.

அவள் நடைக்குத் தகுந்தாற்போல் என் நடையைக் குறைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

மயிலாத்தாவின் தீர்ப்பு வந்துவிட்டது. ஆகஸ்ட் 29-ஆம் தேதி டாக்டரைப் பார்க்க வேண்டும். மரத்தைப் பற்றி அவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் சரி என்கிற வரை ஏறக் கூடாது. பட்டை பறிமுதல். அவளுக்கும் சர்க்கரை இருக்கிறதாம், இனி அவள் நடக்கிறாளாம், நான் வீட்டு முற்றத்தில் நடந்தால் போதுமாம். ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்ய.

பாத்ரூமுக்குப் பின்னால் மிஞ்சிய ஹாலோ பிளாக் ஆறு இருக்க வேண்டும். எண்ணினேன். ஐந்துதான் இருக்கிறது. ஒரு கல்லின் எடை பதினைந்து கிலோவுக்குக் குறையாது. 47 இங்கிருந்து எழுநூறு மீட்டர். என்னைக் குடம் தூக்கவிடாதவள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. கோகிலாவுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். இதயத் துடிப்பில்லாத நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சொன்னபோது கத்தினாள், பிறகு சிரித்தாள், பிறகு மறுபடி கத்தினாள். பட்டை அம்மா கையிலேயே இருக்கட்டும் என்று அவளும் தீர்ப்புச் சொன்னாள்.

ஆகஸ்ட் 9, சனி

முற்றத்தில் இப்படி இருபது எட்டு, அப்படி இருபது எட்டு. மயிலாத்தா காலை ஐந்தே முக்காலுக்குப் போகிறாள், ஆறே முக்காலுக்கு வருகிறாள். இன்று வரும்போது மணி ஏழு. அந்தக் கால் மணி நேரம் கேட்டுக்கும் வாசலுக்குமாக எவ்வளவு நடந்தேன் என்று எண்ணப் பட்டை இல்லை. அவள் இரண்டு மாதம் இப்படித்தான் இருந்திருப்பாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோகிலா வார அறிக்கை வாசித்தாள். அம்மா சராசரி 3,900 ஸ்டெப். நேற்றும் இன்றும் ஒரு மாடி. "அம்மா, நீயும் பாலம் ஏறுறியா?" என்றாள்.

"பாலம் தெனமும் இருக்குதில்ல கண்ணு" என்றாள் மயிலாத்தா.

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலை தூக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கொடியில் என் காக்கி பேண்ட் காய்கிறது. இரண்டு காலும் நான்கு அங்குலம் மடித்துத் தைத்திருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. துவைத்த துணியைப் பற்றிக் கேட்பது எனக்கு வழக்கமில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மயிலாத்தாவின் முழங்கையில் வரிசையாகத் தடிப்பு. என்ன என்று கேட்டேன். நாய் துரத்திவிட்டதாம். சுண்ணாம்பு எடுத்துவந்து தடவிவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மயிலாத்தாவின் உயரம் நாலடி பதினொன்று, அதாவது ஒரு மீட்டர் ஐம்பது. முதல் கவை அவள் தலைக்கு மேலே. ஒரு கல் வைத்தாலும் ஒரு மீட்டர் நாற்பது, அவளுக்குக் கண் வரை வரும். எப்படித்தான் ஏறுகிறாளோ. இரண்டு கல் இருந்தால் ஒரு மீட்டர் இருபது.

அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பாத்ரூமுக்குப் பின்னாலிருந்து ஒரு கல்லை உருட்டிச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினேன். மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனேன். பழைய கல்மேல் புதுக் கல்லை வைத்து, ஆடாமல் இருக்க அடியில் ஓட்டுச் சில்லு கொடுத்தேன். நான் ஏறவில்லை. வாக்கு வாக்குதான். அண்ணாந்து மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மயிலாத்தா சரியாக ஆறே முக்காலுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, தலைமுடியில் புளிய இலை. காபி ஆற்றிக்கொண்டே, "வாய்க்கா வேலைக்காரங்க இன்னொரு கல்லு விட்டுட்டுப் போயிருக்கறாங்களாட்டம் இருக்குதுங்க" என்றாள்.

அப்படியா என்றேன்.

காபி குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. வாய்க்கால் வேலைக்காரர்களைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியில், ஜூன் பத்தாம் தேதியில் எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான்.

சரி மயிலாத்தா. படிக்கிறாய் என்றால் இதையும் படி. மேற்குக் கிளையை வெட்ட இன்னும் ஆள் வரவில்லை. சிவப்புத் துணி கட்டியிருப்பதுதான், அதில் கால் வைத்துவிடாதே. இருபத்தொன்பதாம் தேதி டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். மூன்றாவது கவையில் இரண்டு பேர் உட்காரலாம். அளந்து வைத்திருக்கிறேன்.